பாய்மரத்தில் அறைந்த தங்கக் காசு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

கட்டுரை என்றதும் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டி ஜோக் பகுதிக்குப் போய்விடாதீர்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சுருட்டின் விலை 2 சென்ட். கையில் 16 டாலர் இருக்கிறது. எத்தனை சுருட்டு வாங்கலாம்? கால்குலேட்டரே வேண்டாம், 800 என்று நம் முதலாமாண்டுத் தம்பிகள்கூடச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ‘மோபி டிக்’ நாவலில் ஃபிளாஸ்க் என்று ஒரு மூன்றாம் மேட் வருகிறான். அவன் இதே கணக்கைப் போட்டு, 960 சுருட்டு என்கிறான்! சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போயும் விடுகிறான்.

தப்பு ஃபிளாஸ்க் போட்டதா, எழுதிய ஹெர்மன் மெல்வில் போட்டதா என்று கேட்டால், நான் ஃபிளாஸ்க் பக்கம்தான் கை காட்டுவேன். பரிசு என்று ஒன்றைக் கண்முன்னால் தொங்கவிட்டால் மனுசனுக்கு 800 என்பது 960 ஆகத்தான் தெரியும். இந்தக் கட்டுரை அந்த 160 சுருட்டைப் பற்றியதுதான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீக்வாட் என்ற திமிங்கல வேட்டைக் கப்பல். அமெரிக்காவில் நான்டக்கெட் தீவிலிருந்து கிளம்புகிறது. கேப்டன் பெயர் ஆகாப். பைபிள் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்ட ராஜா. (பெயரைச் சொன்னதுமே எங்க அம்மா, “அவன் நல்லவன் இல்லியே” என்றார்கள். கதையைச் சொல்லும் முன்பே தீர்ப்பு!) ஆகாப்பின் ஒரு காலை மோபி டிக் என்ற வெள்ளைத் திமிங்கலம் முன்பு ஒரு பயணத்தில் கடித்துக்கொண்டு போய்விட்டது. அதைப் பழி வாங்க வேண்டும். அதற்குக் கப்பல் வேண்டும், முப்பது ஆட்களும் வேண்டும். ஆனால் கப்பலும் அவனுடையது அல்ல, ஆட்களும் அவனுக்காக வந்தவர்கள் அல்ல. முதலாளிகளின் கப்பல்; எண்ணெய்க்காக வந்த ஆட்கள்.

எங்கள் லைப்ரரியில் முதலில் எனக்குக் கிடைத்தது படம் போட்ட சுருக்கப் பதிப்பு. அதில் கேப்டன் தங்கக் காசை பாய்மரத்தில் ஆணியடித்து வைக்கும் காட்சி இருந்தது, கடைசியில் கப்பல் மூழ்குவது இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. முழுப் புத்தகத்தைப் பிடித்துப் படித்த பிறகுதான் விஷயமே நடுவில் இருக்கிறது என்று தெரிந்தது. ஆறு மாதம் ஆயிற்று படிக்க. திமிங்கலத்தின் எலும்பு, தோல், வால் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகும். மெஷின் டிராயிங் போல பொறுமை வேண்டும்.

காசு அடிக்கும் காட்சி 36-ஆம் அத்தியாயம். ஆகாப் எல்லோரையும் மேல்தளத்துக்குக் கூப்பிடுகிறான். எடுத்த எடுப்பில் திமிங்கலத்தைப் பற்றிப் பேசவில்லை, தன் காலைப் பற்றியும் பேசவில்லை. கேள்வி கேட்கிறான். திமிங்கலத்தைக் கண்டால் என்ன செய்வீர்கள்? அடுத்தது என்ன செய்வீர்கள்? எல்லாம் அவர்களுக்கு விடை தெரிந்த கேள்விகள். அவர்களும் கத்திக் கத்திப் பதில் சொல்கிறார்கள். இந்தச் சப்பைக் கேள்விகளுக்கு நாம் ஏன் இப்படிச் சூடாகிறோம் என்று அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கிறதாம். நம் ஆடிட்டோரியத்துக்கு வரும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். “ஜெயிக்கணுமா, வேண்டாமா?” “ஜெயிக்கணும்!” “சத்தம் பத்தலையே!” அதே டெக்னிக்தான், மெல்வில் 1851-லேயே எழுதி வைத்துவிட்டார்.

சூடு ஏறிய பிறகு ஆகாப் காசை எடுக்கிறான். ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகரில் அச்சடித்த டபுளூன். இந்த வகைக் காசு சுமார் 27 கிராம் இருக்கும். நம்ம கணக்கில் மூன்று சவரனுக்குக் கொஞ்சம் மேல். வெயிலில் தூக்கிக் காட்டுகிறான். ஸ்டார்பக்கிடம் சுத்தியல் கேட்கிறான். சுத்தியல் வரும்வரை ஒன்றும் பேசாமல் காசைத் தன் கோட்டில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறான். பிறகு பெரிய பாய்மரத்தில் வைத்து ஆணி அடிக்கிறான். நெற்றி சுருங்கி, தாடை கோணி, வாலில் மூன்று ஓட்டை விழுந்த வெள்ளைத் திமிங்கலத்தை முதலில் பார்த்துக் குரல் கொடுப்பவனுக்கு இந்தக் காசு! கப்பலே ஆர்ப்பரிக்கிறது. கால் போன கதையெல்லாம் அதன் பிறகுதான் வெளியே வருகிறது. தங்கம் முன்னால், காரணம் பின்னால். இந்த வரிசையை மறக்காதீர்கள்.

இப்போது அவர்கள் சம்பளத்தைப் பார்ப்போம். திமிங்கலக் கப்பலில் மாதச் சம்பளம் கிடையாது. பயணம் முடிந்து வந்த வரவில் ஆளுக்கு இத்தனையில் ஒரு பங்கு என்று கிளம்பும் முன்பே எழுதிக்கொள்வார்கள். கதை சொல்லும் இஸ்மவேலுக்குப் பில்தாத் என்ற கப்பல் முதலாளி 777-இல் ஒரு பங்கு தருவதாகச் சொல்கிறார், பைபிளை மடியில் வைத்துக்கொண்டே! இன்னொரு முதலாளி பெலெக் சண்டை போட்டு 300-இல் ஒன்று என்று எழுதுகிறார். ஈட்டி எறிவதில் சூரனான குவீக்வெக்குக்கு 90-இல் ஒன்று.

இதைப் படிக்கும்போது எனக்கு அகராதி தேவைப்படவில்லை. எங்க அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்து, முதலாளி பங்கு போக மிச்சத்தில்தான் ஆட்களுக்குப் பங்கு. மீன் படாத நாளில் பங்கும் இல்லை. அமெரிக்காக்காரனுக்கும் இதே முறைதானா என்று அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். “அப்ப அவனும் நம்மாளுதாம்ல” என்றார்.

ஒரு நிஜக் கணக்கு கிடைத்தது. சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற திமிங்கலக் கப்பல், 1841-இல் நியூ பெட்ஃபோர்டில் தண்ணீரில் இறங்கியது. (இன்றும் கனெக்டிகட் மாநிலத்தில் மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தில் நிற்கிறது.) மெல்வில்லும் அதே 1841 ஜனவரியில்தான் அகுஷ்நெட் என்ற கப்பலில் வேட்டைக்குப் போனார், அடுத்த வருடமே மார்க்கெசாஸ் தீவில் இறங்கி ஓடியும் போனார். மார்கன் கப்பல் முதல் பயணத்தில் மூன்று வருடத்துக்கு மேல் சுற்றிவிட்டுக் கொண்டுவந்த சரக்கின் மதிப்பு சுமார் 56,000 டாலர். பீக்வாட்டுக்கும் அப்படி ஒரு பயணம் வாய்த்திருந்தால்? 300-இல் ஒரு பங்கு என்றால் இஸ்மவேலுக்கு ஏறக்குறைய 187 டாலர். 90-இல் ஒரு பங்கு என்றால் குவீக்வெக்குக்கு 622 டாலர். செலவு, கடன் என்று முதலாளிகள் கழிப்பதைக் கழித்தாலும் 16 டாலர் எங்கே, இது எங்கே!

இதில் காசு யாரோ ஒருத்தனுக்கு மட்டும்தான். மிச்சம் இருபத்தொன்பது பேருக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் முப்பது ஜோடிக் கண்ணும் அதையே பார்க்கின்றன. இஸ்மவேலே ஒப்புக்கொள்கிறான், மற்றவர்களோடு சேர்ந்து தானும் கத்தியதாக. ஸ்டார்பக் ஒருத்தன்தான் குறுக்கே பேசுகிறான். நான் வந்தது திமிங்கலம் பிடிக்க, என் கேப்டனுடைய பழியைத் தீர்க்க அல்ல. அந்தப் பழியிலிருந்து எத்தனை பீப்பாய் எண்ணெய் வரும், நம் ஊர் சந்தையில் அது என்ன விலை போகும் என்று கேட்கிறான். சரியான கேள்வி. ஆனால் எல்லோரும் ஆர்ப்பரித்து முடித்த பிறகு கேட்ட கேள்வி.

அப்பாவிடம் இந்த இடத்தைச் சொன்னபோது வலை பொத்திக்கொண்டே கேட்டார்.

“காசைக் காட்டுனாம்லா, பங்கைப் பத்தி எவனும் கேக்கலியா?”

“ஒருத்தன் கேட்டான்ப்பா.”

“என்ன ஆனான்?”

“அவனும் சேந்துதான் செத்தான்.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஒருத்தன் மட்டும் கேட்டா அப்படித்தான்” என்றார்.

46-ஆம் அத்தியாயம் இந்த நாவலிலேயே எனக்குப் பிடித்தது. சிறியதுதான், ஆனால் நம் மேனேஜ்மென்ட் பேப்பரில் மாஸ்லோவின் முக்கோணத்துக்குப் பக்கத்தில் இதையும் வைக்கலாம். அதில் ஆகாப் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறான். இந்த ஆட்களின் உற்சாகம் எத்தனை நாள் தாங்கும்? மாதக்கணக்கில் வெள்ளைத் திமிங்கலம் கண்ணில் படாவிட்டால்? பழைய காலத்தில் சிலுவைப்போருக்குப் போன வீரர்கள்கூட வழியில் திருடிக்கொண்டேதான் போனார்களாம். அதனால் இவர்களுக்குக் கூலி வரும் என்ற நம்பிக்கையை அடியோடு பிடுங்கிவிடக் கூடாது; சாதாரண வேட்டையும் நடந்துகொண்டே இருக்கட்டும் என்று முடிவு செய்கிறான். இன்னொரு பயமும் அவனுக்கு இருக்கிறது. முதலாளிகள் அனுப்பிய வேலையை விட்டு, தன் சொந்தக் காரியத்துக்குக் கப்பலைத் திருப்பியது அவன்தான். ஆட்கள் நினைத்தால் ‘உன் உத்தரவை ஏற்க முடியாது’ என்று சொல்லலாம், சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கும். இது ஆகாப்புக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது ஆட்களுக்குத்தான், அவர்கள் காசைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்த சமயம் எனக்கு இன்பிளான்ட் டிரெயினிங். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். போன முதல் நாளே கண்ணில் பட்டது ஃபோர்மேன் கேபின் மேலே வண்ணத்தாள் சுற்றி ரிப்பன் கட்டி வைத்திருந்த பெட்டி. மிக்ஸி. அந்தக் காலாண்டில் அதிக உற்பத்தி காட்டுகிறவருக்கு அதுதான் பரிசு. ஷாப்பில் எந்த மூலையில் நின்றாலும் தெரியும்படி வைத்திருந்தார்கள். டீ டைமில் பேச்செல்லாம் அதைப் பற்றியே. மூணு ஜாரா, நாலு ஜாரா? இந்தத் தடவை யாருக்கு விழும்? அந்தம்மாவுக்கா, இந்தண்ணனுக்கா?

பேக்கிங் பிரிவில் ஒரு அக்கா இருந்தார்கள், ஒப்பந்தத் தொழிலாளி. என்னை “தம்பி, நீங்க படிச்ச பிள்ளைதான, இதைக் கூட்டிச் சொல்லுங்க” என்று கூப்பிட்டார்கள். அட்டைப்பெட்டி மடிப்பின் உள்பக்கம் பென்சிலால் தேதி வாரியாக ஓ.டி. மணிகளை எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு மாதமாக அந்தப் பணம் வரவில்லை. கூட்டினேன். 60 மணி நேரம். மணிக்கு 70 ரூபாய். 4,200 ரூபாய். அந்த ஷிப்டில் இருந்தவர்கள் 40 பேர். எல்லோருக்கும் ஏறக்குறைய இதே பாக்கி என்றால் 1,68,000 ரூபாய். மேலே ரிப்பன் கட்டி உட்கார்ந்திருப்பது மூவாயிரம் ரூபாய் மிக்ஸி. அக்கா தொகையைப் பார்த்தார்கள், மேலே பார்த்தார்கள். “எங்க வீட்ல மிக்ஸி இருக்கு தம்பி” என்றார்கள். அவ்வளவுதான், மடிப்பை மூடி வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

என் டிரெயினிங் முடிந்த அன்றும் பெட்டி அங்கேயேதான் இருந்தது. தாள் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஓ.டி. பணம் வந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லாமல் போயிற்று.

இதை ஹாஸ்டலில் சொன்னபோது ரூம்மேட் சண்டைக்கு வந்தான். “ஊக்கப்பரிசே கூடாதுங்கிறியா? பரிசு இல்லேன்னா எவன்டா ஓடுவான்?” நான் அப்படிச் சொல்லவில்லை. நம் ஸ்போர்ட்ஸ் டேயில் கப் வாங்க நானும் ஓடியிருக்கிறேன். ஆனால் கப்புக்காக ஓடும்போது யாரும் என் மெஸ் பில்லைப் பிடித்து வைக்கவில்லையே! பரிசு எவ்வளவு என்று மட்டும் கேட்காதே, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் கண் எதிலிருந்து திரும்பியிருக்கிறது என்றும் கேள் என்றேன். அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். இன்னும் சில மாதத்தில் இரண்டு பேரும் இன்டர்வியூவில் உட்காரப் போகிறோம், அங்கே கேட்பானோ என்னவோ.

மறுபடி கப்பலுக்குப் போவோம். சுருக்கப் பதிப்பில் காணாமல் போனது 99-ஆம் அத்தியாயம். காசு மரத்தில் அடித்து மாதங்கள் ஆகிவிட்டன. சுற்றிலும் துருப்பிடித்த இரும்பு ஆணி, பச்சை பிடித்த செம்பு ஆணி. காசு மட்டும் அப்படியே மின்னுகிறது. இருட்டில் யார் வேண்டுமானாலும் பெயர்த்திருக்கலாம், முரட்டுப் பயல்கள் நிறைந்த கப்பல் அது. ஆனால் ஒருத்தனும் தொடவில்லை. சாமி உண்டியல் மாதிரி ஆகிவிட்டது. இரவுக் காவலில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்களாம். யாருக்குக் கிடைக்கும், கிடைத்தவன் அதைச் செலவழிக்க உயிரோடு இருப்பானா என்று.

ஒவ்வொருத்தனாகக் காசு முன்னால் வந்து நிற்கிறான். அதில் மூன்று மலைச்சிகரம். ஒன்றில் தீ, ஒன்றில் கோபுரம், ஒன்றில் கூவும் சேவல். மேலே ராசிச் சக்கரத்தின் ஒரு பகுதி, துலாத்தில் நுழையும் சூரியன். ஆகாப் பார்க்கிறான்: கோபுரமும் நான், தீயும் நான், சேவலும் நான் என்கிறான். பக்திமானான ஸ்டார்பக்குக்கு மூன்று சிகரமும் திரித்துவமாகத் தெரிகிறது. ஸ்டப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்து, மேஷம் தொடங்கி மீனம் வரை மனுசனின் ஆயுசு முழுவதையும் ராசி பலன் மாதிரி வாசிக்கிறான். பிறகு நம்ம ஃபிளாஸ்க் வந்து சுருட்டுக் கணக்குப் போடுகிறான். ஒரு கிழட்டு மாலுமி, திமிங்கலம் கண்ணில் பட்டால் இன்னும் ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்துத்தான் என்று நாள் குறிக்கிறான். குவீக்வெக் தன் தொடையில் குத்திய பச்சையோடு காசை ஒப்பிட்டுப் பார்க்கிறான்.

கடைசியாக வருகிறவன் பிப் என்ற கறுப்பினச் சிறுவன். முன்பு ஒரு நாள் வேட்டைப் படகிலிருந்து பயந்து குதித்துவிட்டான். அடுத்த தடவை குதித்தால் தூக்க மாட்டேன், அலபாமா சந்தையில் நீ போகும் விலையைப் போல முப்பது மடங்கு ஒரு திமிங்கலம் போகும் என்று ஸ்டப் எச்சரிக்கிறான். பிப் மறுபடி குதித்தான். படகு நிற்காமல் போய்விட்டது. நடுக்கடலில் தனியாக மிதந்து, தற்செயலாகக் கப்பல் வந்து எடுத்தபோது புத்தி பேதலித்திருந்தது. அந்தக் கப்பலில் தன் விலை இன்னதென்று முகத்துக்கு நேரே சொல்லக் கேட்டவன் அவன். காசு முன்னால் நின்று, நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான் என்று இலக்கணப் புத்தகம் ஒப்பிக்கிறான். காசு என்னவென்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, எல்லோரும் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னவன் அவன்தான். இந்த மரத்தை ஒரு காலத்தில் கடலடியிலிருந்து தூக்கும்போது, பட்டைக்குப் பதில் சிப்பி ஒட்டியிருக்க, உள்ளே காசு இருக்கும் என்றும் சொல்கிறான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, காசு யாருக்குப் போயிற்று? வேட்டையாடும் கடல் நெருங்க நெருங்க ஆகாப்புக்குச் சந்தேகம். இவர்கள் பார்த்தாலும் சொல்வார்களோ, மாட்டார்களோ! தானே முதலில் பார்க்க வேண்டும், காசு தனக்கே வர வேண்டும் என்று கயிற்றில் கூடை பின்னி, பாய்மர உச்சிக்குத் தன்னை இழுத்துக் கட்டச் சொல்கிறான். பரிசு அறிவித்தவனே போட்டியில்! கயிற்றின் நுனியைப் பிடித்துக் காவல் நிற்க அவன் நம்பியது யாரைத் தெரியுமா? எதிர்த்துப் பேசிய ஸ்டார்பக்கை. 133-ஆம் அத்தியாயத்தில் திமிங்கலத்தை முதலில் பார்த்துக் கத்துகிறவன் ஆகாப். கீழே சற்றுத் தள்ளி நின்ற தாஷ்டெகோ என்ற செவ்விந்திய வீரன், நானும் அதே நொடியில் பார்த்துக் கத்தினேனே என்கிறான். இல்லை, அதே நொடி அல்ல, காசு என்னுடையது, விதி எனக்கென்று வைத்தது என்கிறான் ஆகாப்.

கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1492-இல் கொலம்பஸ் பயணத்தில் முதலில் கரையைப் பார்ப்பவனுக்கு ஆண்டுதோறும் 10,000 மரவெதி தருவதாக ஸ்பெயின் அரசாங்கத்தின் அறிவிப்பு இருந்தது. அக்டோபர் 12 அதிகாலை 2 மணி சுமாருக்கு பின்டா கப்பலிலிருந்து ரோட்ரிகோ தெ த்ரியானா கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். முந்தின இரவே தூரத்தில் ஒரு வெளிச்சத்தைத் தான் பார்த்துவிட்டதாகச் சொல்லி அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டவர் கொலம்பஸ்.

ஆகாப் அன்று மாலையே இன்னொரு அறிவிப்புச் செய்கிறான். காசு என்னுடையதுதான், ஆனாலும் மரத்திலேயே இருக்கட்டும். திமிங்கலம் சாகும் நாளில் அதை முதலில் பார்ப்பவனுக்கு இது. அன்றும் நானே பார்த்தால் இதைப் போல பத்து மடங்கை எல்லோருக்கும் பிரித்துத் தருகிறேன். பத்து மடங்கு 160 டாலர். முப்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஐந்தரை டாலர்கூட முழுசாகத் தேறுமா என்று நீங்களே பாருங்கள். கப்பலில் யாரும் வகுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் திமிங்கலம் கப்பலின் முகப்பை முட்டி உடைக்கிறது. தன் ஈட்டிக் கயிறே கழுத்தில் சுற்றி ஆகாப் முன்பே போய்விட்டான். கப்பல் இறங்குகிறது. பெரிய பாய்மர உச்சியில் தாஷ்டெகோ நிற்கிறான், காசைத் தானும் பார்த்த நொடியில் கேட்டவன். கொடியை மரத்தில் ஆணியடிக்கும்படி கேப்டன் போட்ட உத்தரவு அவன் கையில் இன்னும் முடியவில்லை. தண்ணீர் காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்து, தலைக்கு மேல் போகும்போதும் அவனுடைய கையும் சுத்தியலும் மட்டும் வெளியே தெரிகின்றன, அடித்துக்கொண்டே இருக்கிறான். காசு அதே மரத்தில்தான், அவனுக்கு வெகு கீழே. அது எப்போதோ தண்ணீருக்குள் போயிருந்தது.